லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தடம்

12 பிப்ரவரி 1995, ஞாயிறு

இன்றைக்கும் கனகம் வீட்டில் கூட்டம். போன ஞாயிறும் இப்படித்தான். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிறைந்ததா என்று பார்க்கப் போனவள், கறிவேப்பிலை பறிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். என் லைனில் வரிசையாக வாடகைக்குக் குடியிருக்கிற ஆறு வீட்டு ஆட்களும் உள்ளே இருந்தார்கள். கனகம் புருஷன் ரவிக்குமார் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" — இது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. டி.வி. சத்தம் பெரிதானது.

அந்தம்மா என்றால் யார்? இந்த லைனுக்கு ஒரே அந்தம்மா நான்தானே.

13 பிப்ரவரி

காலையில் கனகம் ஷிப்டுக்குப் போகிறபோது வழக்கம்போல "வாரேனுங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போனாள். என் தம்பி சென்னியப்பன் மில்லில்தான் அவளுக்கு வேலை. ரவிக்குமாருக்குப் பவுண்டரியில். இரண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசாதவர்கள். வாடகை ஒரு மாதம் தள்ளிப்போனதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் போனதற்கு அடுத்த வருஷமே கிணறும் வற்றிப் போய்விட்டது. பருத்தி விளைந்த காடு கட்டாந்தரையாகக் கிடந்தது. சுற்றிலும் மில்லும் பவுண்டரியும் முளைத்து, வேலைக்கு வந்த ஜனம் குடியிருக்க இடமில்லாமல் மாட்டுக் கொட்டாயைக்கூட வாடகைக்குக் கேட்ட காலம். பள்ளிக்கூடத்திலிருந்து ரிடையர் ஆனதும் வந்த பணத்தை அப்படியே போட்டு இந்த லைனைக் கட்டினேன். வீட்டுக்கு ஒரு கக்கூஸ், ஒரு குளிக்கிற ரூம். "கூலிக்காரங்களுக்கு எதுக்கக்கா ஆளுக்கொரு கக்கூஸு? லைனுக்கே ரெண்டு போதும்" என்று சென்னியப்பன் சொன்னான். நான் கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடத்தை என் பேரில் கட்ட மாட்டேன் என்றேன்.

அப்படிக் கட்டியதற்கு இதுதான் மரியாதை. அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாமாம்.

21 பிப்ரவரி

சென்னியப்பன் கார் அனுப்பாமல் அவனே வந்தான். காப்பி குடித்தான். மில்லில் இரண்டாவது ஷெட் போடப்போவதைப் பற்றிப் பேசினான். போகிறபோது வாசலில் நின்றுகொண்டு, "ஏக்கா, உன்ற லைன்ல சங்கம் கிங்கம் ஏதாச்சும் வெக்கறாங்களா?" என்றான்.

"ஏன்?" என்றேன்.

"சும்மா கேட்டேன். அந்தக் கனகம் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது. கண்ணு வெச்சுக்கோ."

இவனுக்கு எப்படித் தெரிந்தது?

5 மார்ச், ஞாயிறு

இன்று கண்ணாலேயே பார்த்தேன். ரவிக்குமாரும் மேஸ்திரி பங்காருவும் டேப் பிடித்து என் சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். பங்காரு யார்? இந்த லைனைக் கட்டியவனே அவன்தான். அவனும் இவர்களோடு சேர்ந்துகொண்டானா?

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர். முன்னாடி பந்தல் போடலாம்னு..." ரவிக்குமார் டேப்பைச் சுருட்டினான். பங்காரு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பந்தல் போடுகிறவன் வாசலை அளப்பான். பின்னால் போய் கக்கூஸ் சுவரை எதற்கு அளக்கிறான்?

11 மார்ச்

கனகம் வந்தாள். கையில் முருங்கைக்காய். பேச்சோடு பேச்சாக, "ஏனுங்க டீச்சர், செப்டிக் டேங்க் எத்தன அடி ஆழம் எடுத்தீங்க? ஆறு ஊட்டுக்கும் ஒண்ணே ஒண்ணுதானுங்களா?"

"அடச்சுக்கிச்சா? சொல்லு, ஆள வரச் சொல்றேன்."

"அடைக்கலைங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுங்க."

அடைக்காத கக்கூஸைப் பற்றி எவளாவது சும்மா தெரிந்துகொள்ள வருவாளா? முருங்கைக்காயைக் குழம்பில் போட மனசே வரவில்லை. பிறகு போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

14 மார்ச்

எல்லாவற்றையும் சென்னியப்பனிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், முன்கூட்டியே தெரிந்தவன் மாதிரி.

"அளந்து பாக்கறாங்கன்னா கேஸ் போடத்தான்க்கா. நாலஞ்சு வருசம் குடியிருந்தவன எந்தக் கோர்ட்டும் சீக்கிரத்துல எறக்காது. நீ தனி ஆளு. மொதல்ல அந்தக் கனகத்தத் தாட்டி உடு. அவ போனா மத்தவங்க தானா அடங்கிருவாங்க. பொறகு லைனையே என்ற மில்லுக்குக் குடு. நானே ஆள் வெச்சுக்கறேன், உனக்கு மாசமானா வாடகை. தலவலி இல்ல."

நல்லதற்குத்தான் சொல்கிறான். என் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

16 மார்ச்

சொல்லிவிடலாமா?

18 மார்ச்

சொல்லிவிட்டேன். சித்திரை முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி. ஒறம்பரை வருகிறார்கள், வீடு வேண்டியிருக்கிறது என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்ல அவசியமே வரவில்லை. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை!

அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். இந்த ஊரில் இந்த வாடகைக்கு வேறு எங்கே கிடைக்கும் அவளுக்கு? தெருவில் நிற்கப் போகிறவள் முகம் இப்படியா இருக்கும்? ஏதோ இருக்கிறது.

1 ஏப்ரல்

ஆறு வீட்டு ஆட்களும் சேர்ந்து வந்தார்கள். முன்னால் இஸ்மத். அவிநாசியில் பனியன் கம்பெனியில் தைக்கிறவள், கடைசி வீட்டில் தன் அம்மாவோடு இருக்கிறவள். "நாங்க எல்லாருமே இன்னும் ஏழெட்டு மாசத்துல காலி பண்ணிக்கறோமுங்க. கனகக்காவ மட்டும் முன்னாடியே போகச் சொல்லாதீங்க. அதுவரைக்கும் சேந்தே இருந்துக்கறோம்" என்றாள்.

எல்லாருமா! ஒரே சமயத்தில்! மிரட்டுகிறார்களா? காலி லைனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று பார்க்கிறார்களா?

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். கோபமா, பயமா, தெரியவில்லை.

2 ஏப்ரல், ஞாயிறு

பொறுக்க முடியாமல் இஸ்மத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். நேராகவே கேட்டேன், என் லைன்மேல் கேஸ் போடப் போகிறீர்களா என்று. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சல்.

விஷயம் இதுதான். லைனுக்குப் பின்னால் வள்ளியாத்தாள் பெரியம்மாவின் மேட்டுக்காடு இருக்கிறது. அதில் ஓரமாக ஒரு துண்டை ஆறு குடும்பமும் சேர்ந்து வாங்கப் போகிறார்கள். ஆளுக்கொரு சைட் வாங்க யாருக்கும் முடியாது. ஆறு பேர் சேர்ந்தால் ஒரு சைட். அதில் கீழே மூன்று, மேலே மூன்று, கான்கிரீட் தளம் போட்ட தார்சு வீடு. ஒரே படிக்கட்டு, ஒரே தொட்டி, ஒரே டேங்க். பங்காரு கட்டித் தருகிறான்.

"அப்ப என்ற சுவர எதுக்கு அளந்தீங்க?"

"உங்க லைன் மாதிரியே வேணும்னுங்க டீச்சர். நாங்க இருந்த எந்த ஊட்டுலயும் தனிக் கக்கூஸு கெடையாதுங்க. கனகக்காதான் சொன்னாங்க, டீச்சர் கட்டுன அளவே சரியா இருக்குது, அத அப்படியே எடுத்துக்கலாம்னு."

பிறகுதான் உறைத்தது. "அத என்கிட்ட சொல்றதுக்கென்ன? எதுக்கு ஒளிச்சீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "உங்க தம்பி காதுக்குப் போயிரக் கூடாதுன்னுங்க."

3 ஏப்ரல்

சென்னியப்பன் காதுக்குப் போனால் என்ன? அவன் என்ன பேயா பிசாசா? என் தம்பியைப் பற்றி எனக்கே எச்சரிக்கை சொல்கிறாள்! பகல் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்ந்ததும் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "நீ நெனச்சது அத்தனையும் தப்புடா. கேஸுமில்ல, சங்கமுமில்ல. பாவம், அவங்க சொந்தமா ஊடு கட்டப் போறாங்க" என்று. பெருமையாகத்தான் சொன்னேன், என் அளவை எடுத்துக் கட்டுகிறார்கள் என்று. அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்படியா? எந்த எடம்?" என்றான்.

சொன்னேன்.

9 ஏப்ரல், ஞாயிறு

இன்று கனகம் வீட்டில் கூட்டம் இல்லை. யாரும் வெளியே வரவில்லை. டி.வி.யும் இல்லை.

11 ஏப்ரல்

கனகம் ஷிப்டுக்குப் போனாள். "வாரேனுங்க" சொல்லவில்லை. நான் வாசலில்தான் நின்றிருந்தேன். நேற்றும் அப்படித்தான்.

இஸ்மத்தின் அம்மா என்னைக் கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரவிக்குமார் மட்டும் நின்று என்னைப் பார்த்தான். பவுண்டரிக் கரி படிந்த முகத்தில் அவன் கண் மட்டும் தெரிந்தது. நான்தான் முதலில் பார்வையைத் திருப்பினேன். நான் எதற்குத் திருப்ப வேண்டும்?

12 ஏப்ரல்

தொட்டிப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். இந்த முறை ஒளிந்து நிற்கவில்லை, அவர்கள்தான் என்னைக் கவனிக்கவில்லை. "டீச்சர் சொல்லித்தான் அந்தக் கெழவி எடம் இல்லேன்னுருச்சாமா. சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டுட்டு, கழுத்த அறுத்துப்போட்டாங்க பாரு."

நானா? நான் என்ன செய்தேன்?

13 ஏப்ரல்

வள்ளியாத்தாள் பெரியம்மாவின் சாளை வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பெரியம்மா, அந்த எடத்த எதுக்கு இல்லேன்னீங்க?"

"என்ன அம்மிணி, நீதான சொல்லியனுப்புனே? உன்ற தம்பி வந்தானே. 'அக்காவுக்கு இது பிடிக்கல. லைனு ஆளுகள அக்கா கெளப்பி உடறா, அவங்களுக்கு நீங்க எடம் குடுத்தா நல்லாருக்காது'ன்னு சொன்னான். நான் அதுக்குக்கூட யோசிச்சிருக்க மாட்டேன். ஆனா என்ற காட்டுக்குப் போற வண்டித் தடம் அவன் தோட்டத்துக்குள்ளதான் போவுது. வேலி போட்டுருவேங்கறான். ஆடு மாட்ட நான் பறக்க உட்டா ஓட்டிட்டுப் போவேன்?"

என் பேரைச் சொல்லியிருக்கிறான். என் பேரை!

காட்டு வழியே திரும்பி நடந்தேன். எனக்கென்று இந்த ஊரில் இருப்பது அந்தப் பேர் ஒன்றுதானே. டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் அது வார்த்தை என்று மூன்று தலைமுறை பிள்ளைகள் சொல்லுமே. அதை எடுத்துக் கொண்டுபோய்...

14 ஏப்ரல், சித்திரைக் கனி

விடிந்ததும் குளித்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் பழமெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். தம்பி மகள் சண்முகப்பிரியா, "அத்தே, கனி பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பார்த்தேன். கண்ணாடியில் பழத்துக்கு நடுவே என் முகம் எனக்கே பிடிக்காமல் இருந்தது.

அவள் உள்ளே போனதும் கேட்டேன். அவன் மறுக்கவே இல்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி.

"ஆமாக்கா, சொன்னேன். உன்ற பேரச் சொன்னா கெழவி கேக்கும்னு சொன்னேன். அதுல என்ன?"

"அவங்க சொந்தமா ஊடு கட்டுனா உனக்கென்னடா?"

"உனக்கு மில்லு ஓட்டறது தெரியாது. லைன்ல இருக்கறவன கதவத் தட்டிக் கூப்புட்டா எந்த ஷிப்டுக்கும் வருவான். வல்லீன்னா ஊட்டக் காலி பண்ணுன்னு சொல்லலாம். சொந்த ஊடு இருக்கறவன் வருவானா? 'ஒடம்பு சரியில்லீங்க'ம்பான். நாலு மைல்ல இன்னொரு மில்லு இருக்குது, அங்க போயிருவான். ஒருத்தன் கட்டுனா போச்சாதுன்னு உட்டுறலாம். ஆறு பேரு சேந்து கட்டறாங்க. நாளைக்கு அறுவது பேரு கட்டுவாங்க. பொறகு யார வெச்சு நான் மில்லு ஓட்டறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுவுமில்லாம, அவங்க நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்துக்குவாங்களா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றான்.

என் லைனை அவன் மில்லுக்குக் கேட்டதும் இதற்குத்தான். எனக்குத் தலைவலி இல்லாமல் இருக்க அல்ல.

பாயசம் வைத்தார்கள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

16 ஏப்ரல், ஞாயிறு

கனகம் வீட்டு வாசலில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படி ஏறியதில்லை. ரவிக்குமார் எழுந்து வெளியே போய்விட்டான். நடந்ததைச் சொன்னேன். வாயை விட்டது நான்தான், ஆனால் தடுக்கச் சொன்னது நானில்லை என்று.

கனகம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நம்பறேன்னு சொன்னா பொய்யாப் போயிருமுங்க டீச்சர். நம்பலைன்னு சொல்றதுக்கும் மனசு வல்லீங்க. நீங்க என்னய காலி பண்ணச் சொன்னீங்க. ஏன்னு நான் கேக்கல. மில்லுல அப்படித்தானுங்களே, போன்னா போறதுதான். இப்ப வந்து இதச் சொல்றீங்க. இதுக்குப் பின்னால என்ன இருக்குதோன்னுதானுங்க எனக்குத் தோணுது."

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூட என்னை இப்படிப் பார்த்ததில்லை. கோபப்பட எனக்கு இடமும் இல்லை. இரண்டு மாசமாக நான் அவளைப் பார்த்த பார்வை இதுதானே.

17 ஏப்ரல்

என்ன செய்தால் நம்புவாள்? ஏன் நம்ப வேண்டும் அவள்?

20 ஏப்ரல்

காலையில் லைனின் கிழக்கு ஓரமாக நடந்து பார்த்தேன். கடைசி வீட்டுச் சுவருக்கும் என் வேலிக்கும் நடுவே இரண்டு தென்னை, துவைக்கிற கல், கொஞ்சம் வாழை. அதை எடுத்துவிட்டால் ரோட்டிலிருந்து வள்ளியாத்தாள் பெரியம்மா காட்டுக்கு நேராக வண்டி போகும். சென்னியப்பன் தோட்டத்தை மிதிக்கவே வேண்டாம். அவன் எத்தனை வேலி போட்டாலும் போட்டுக்கொள்ளட்டும்.

தடம் விட்டால் விட்டதுதான். பத்திரத்தில் ஏறிவிட்டால் பிறகு கேட்க முடியாது. இந்த ஊரில் ஒரு முழம் தடத்துக்கு வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. பங்காளிகள் இருபது வருஷம் பேசாமல் இருந்து, சாவுக்கும் போகாமல் இருந்திருக்கிறார்கள். நான் சும்மா கொடுக்கப் போகிறேன்.

பயமாக இருக்கிறது. ஆனால் பசி எடுக்கிறது. ரொம்ப நாளைக்கப்புறம்.

21 ஏப்ரல்

பெரியம்மாவிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொழந்தே, உன்ற தம்பி உன்னோட பேச மாட்டான்" என்றார். தெரியும் என்றேன். "அப்பச் சரி. என்ற ஆட்டுக்கும் அந்தத் தடம் உண்டல்லோ?" என்றார். உண்டு என்றேன். எதிலும் தன் ஆட்டை மறக்காத மனுஷி.

பிறகு கனகத்திடம். வீடு கட்டி முடிகிறவரைக்கும் காலி பண்ண வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "எதுக்குங்க இதச் செய்யறீங்க?" என்றாள்.

உங்கள்மேல் பாசத்தால் என்று சொன்னால் அவளும் நம்ப மாட்டாள், நானும் நம்ப மாட்டேன். "என்ற பேரச் சொல்லிட்டான் கண்ணு" என்றேன்.

அவள் முகத்தில் என்னவோ இளகியது. அந்தக் காரணம் அவளுக்குப் புரிந்தது போலிருக்கிறது.

28 ஏப்ரல்

விஷயம் பரவிவிட்டது. தம்பி பெண்டாட்டி பூவாத்தாள் வந்தாள். அழுதாள். "அண்ணி, சண்முகப்பிரியாவுக்குச் சம்பந்தம் பேசற சமயத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்கன்னா நாளைக்கு சீர் செய்யறதுக்குக்கூட அவர் உங்களைக் கூப்புட மாட்டாருங்க. பத்திரம் எழுதாதீங்க. எனக்காகங்க" என்றாள்.

இதை அவன்தான் அனுப்பியிருப்பானோ? இல்லை, அவள் அழுகை நிஜம். சண்முகப்பிரியா பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவள். மதியச் சாப்பாட்டை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள்.

முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

12 மே, வெள்ளி

அன்னூரில் பதிவு முடிந்தது, பெரியம்மா விற்கிற துண்டும் நான் விடுகிற தடமும்.

பத்திரம் எழுதுகிறவர் வாசித்துக் காட்டினார். கனகம் அது போதாதென்று தானும் ஒரு முறை வாங்கி, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். தடம் என்று வருகிற இடத்தில் விரலை வைத்து, "'எக்காலத்துக்கும்'னு போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டாள். போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பேனாவை என்னிடம் கொடுத்தாள். நல்ல பிள்ளை. இப்படித்தான் படிக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் இஸ்மத் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள்.

15 மே

கனகத்தை மில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம்." அவ்வளவுதான்.

26 மே

கனகத்துக்கு வேறு மில்லில் வேலை கிடைத்துவிட்டது. அன்னூர் ரோட்டில். கம்பெனியே பஸ் விடுகிறது. சென்னியப்பன் பயந்தது நடந்தேவிட்டது, அவன் கையாலேயே.

8 ஜூன்

தென்னை இரண்டையும் வெட்டினார்கள். அவர் வைத்த மரம். விழுந்தபோது தரை அதிர்ந்தது. இளநீரை எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். ரவிக்குமார் வாங்கவில்லை. அவனுக்கு இன்னும் என்மேல் சந்தேகம். இருக்கட்டும்.

19 ஜூன்

ஹாலோ பிளாக் லாரி முதல் முறையாகத் தடத்தில் போனது. சென்னியப்பன் தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். நான் இந்தப் பக்கம். பத்தடி தூரம்கூட இருக்காது. "சாப்பிட்டியாடா" என்று கேட்க வாய் வந்தது. அவன் திரும்பிப் போய்விட்டான்.

3 செப்டம்பர், ஞாயிறு

மேல் தளத்துக்குக் கான்கிரீட். ஆறு குடும்பமும் சட்டி சுமந்தது. இஸ்மத்தின் அம்மாகூட ஈரச் சாக்கு எடுத்துக் கொடுத்தார். நான் என் வாசலில் இருந்தபடி பார்த்தேன். பங்காரு படிக்கட்டை என் யோசனைப்படி வைக்கவில்லை, உள்பக்கமாக வைத்திருக்கிறான். மழை பெய்தால் நனையாது. நல்லதுதான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

22 அக்டோபர்

சண்முகப்பிரியாவுக்கு நிச்சயமாம். பால்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

14 ஜனவரி 1996

கல்யாணம் தையில், ஜனவரி 29ஆம் தேதி, அவிநாசியில். ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுத்துவிட்டார்கள். என் வீட்டைத் தாண்டித்தான் கார் போனது. நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். வெட்கம்.

21 ஜனவரி, ஞாயிறு

கனகமும் இஸ்மத்தும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்களாம். அதே 29. அதுதான் நல்ல முகூர்த்தமாம்.

எனக்குச் சட்டென்று தோன்றியது: என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று தெரிந்து, பரிதாபப்பட்டு வந்திருக்கிறார்களா? இல்லை, தம்பிக்குக் காட்டுவதற்கு என்னை வேண்டுமென்கிறார்களா? கேட்டேவிட்டேன்.

கனகம் மழுப்பவில்லை. "உங்களக் கூப்புடறதப் பத்தி எல்லாரும் உக்காந்து பேசுனமுங்க டீச்சர். ரெண்டு பேரு வேண்டாம்னாங்க. அது யாருன்னு சொல்ல மாட்டேன். நாலு பேரு கூப்புடலாம்னோம். அதனால வந்திருக்கறோம். வர்றதும் வராததும் உங்க இஷ்டமுங்க."

இப்படி ஒரு அழைப்பை என் ஆயுசில் யாரும் வைத்ததில்லை. தட்டை வாங்கிக்கொண்டேன்.

29 ஜனவரி

விடியலில் மேளச் சத்தம் தம்பி வீட்டுப் பக்கமிருந்து. வேன்களும் கார்களும் அவிநாசிக்குக் கிளம்பின. கடைசியில் பூ ஜோடித்த கார். ஜன்னல் ஏற்றியிருந்தது. உள்ளே யாரென்று தெரியவில்லை. நல்லா இரு கண்ணு என்று வாய்க்குள் சொன்னேன்.

பிறகு பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு தடத்தில் நடந்தேன். ஆறு வீட்டிலும் ஆறு அடுப்பு. ஒவ்வொன்றாகப் பால் பொங்கியது. பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடின. இஸ்மத் வீட்டில் அவள் அம்மா துஆ ஓதிவிட்டு என் கையில் சர்க்கரை வைத்தார். கனகம் வீட்டில் வேளாங்கண்ணி மாதா படமும், ரவிக்குமார் வீட்டார் கொடுத்த முருகன் படமும் பக்கத்தில் பக்கத்தில். நான் ஒவ்வொரு கக்கூஸ் கதவையும் திறந்து பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யார், என்ன, நான் பார்க்கவில்லை — பார்த்தேன், பொய் எழுத வேண்டாம். பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினேன். பரிமாறியது ரவிக்குமார். "போதுமுங்களா?" என்றான். பத்து மாசத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. போதவில்லை என்றேன்.

2 பிப்ரவரி

லைன் காலி. ஆறு கதவும் திறந்து கிடக்கிறது. குழாயடியில் சத்தமே இல்லை. மோட்டார் போட வேண்டிய வேலைகூட இல்லை எனக்கு.

9 பிப்ரவரி

பூவாத்தாள் வேலி ஓரமாக நின்று கல்யாணப் பலகாரம் ஒரு பொட்டலம் நீட்டினாள். "அவருக்குத் தெரியாதுங்க அண்ணி" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவளுக்கும் எத்தனை பயம்.

18 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானம் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். தர்மபுரிப் பக்கமாம். இரண்டு பேருக்கும் சென்னியப்பன் மில்லில் வேலை. இத்தனை நாள் மில் லைனில் இருந்தார்களாம். "அங்க எந்நேரமும் கதவத் தட்டறாங்கம்மா. கனகக்கா இங்க வரச் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். இன்னும் மூன்று குடும்பம் வருவதற்குத் தயாராக இருக்கிறதாம்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது? சென்னியப்பனே அனுப்பியிருப்பானோ, இங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல? தோன்றத்தான் செய்தது. இந்தப் புத்தி என்னோடுதான் போகும் போலிருக்கிறது. அந்தப் பெண்ணோ கக்கூஸ் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்கு மட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். நாளைக்குச் சாமான் வருகிறது. வள்ளியாத்தாள் பெரியம்மாவின் ஆடு தடத்தில் படுத்துக்கொள்கிறது, காலையில் கட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.